அண்ணாச்சிக்கு, ஈஸ்ட் ஹாமிலிருந்து

ஈஸ்ட் ஹாம், லண்டன்
19 ஏப்ரல் 2020

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பேரன் நன்றாக இருக்கிறான். மருமகள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறாள். மகன் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே ஆபீஸ் பார்க்கிறான். கொரோனாவால் நாங்கள் ஊர் திரும்ப வைத்திருந்த டிக்கெட் ரத்தாகிவிட்டது. மார்ச் 18 முதல் பிரிட்டனிலிருந்து வருகிறவர்களை இந்தியா நிறுத்தியது. 22-ஆம் தேதி முதல் வெளிநாட்டு விமானம் எதுவுமே இறங்கக்கூடாது என்றாகிவிட்டது. தபாலை நம்பமுடியாததால் இதைக் கையால் எழுதி, மகனிடம் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எழுத்து பொடியாக இருந்தால் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

போன வாரம் போனில் ஒன்று கேட்டீர்கள்: "அவ்வளவு பெரிய ஊருல சாமான் கிடைக்கலையாமே, அது எப்படிடே?" லைன் விட்டு விட்டு வந்ததால் அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி மனதில் உட்கார்ந்துவிட்டது. நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கில் மூட்டை எண்ணியே காலம் தள்ளினவன் நான். நீங்கள் மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவர். இதை உங்களிடம் சொன்னால்தான் புரியும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

தட்டுப்பாடு மார்ச் முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டது. முதலில் கை கழுவும் ஜெல், அப்புறம் டாய்லெட் பேப்பர், அப்புறம் பாஸ்தா, அரிசி, டப்பாத் தக்காளி, கோதுமை மாவு, முட்டை. 20-ஆம் தேதியோடு பள்ளிக்கூடங்களை மூடப்போகிறார்கள் என்று சொன்ன வாரத்தில்தான் உச்சம். பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்கு மகனோடு போனேன். ஒரு வரிசை முழுக்க வெறும் இரும்புத் தட்டு. விலைச் சீட்டுகள் மட்டும் ஒழுங்காக ஒட்டியிருந்தன: பாஸ்தா இத்தனை பென்ஸ், அரிசி இத்தனை பவுண்டு. சீட்டுக்கு மேலே எதுவும் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. என் காலத்தில் கிடங்கு காலியாகி நான் பார்த்ததுண்டு. ஆனால் அப்போது லாரி எங்கே நிற்கிறது, ரயில் வேகன் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். இங்கே கடைக்குள் நிற்கிற ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்று காலை மருமகள் நைட் டியூட்டி முடித்து நேராகக் கடைக்குப் போயிருக்கிறாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவளுக்குக் கிடைத்தது ஒரு பாக்கெட் லசான்யா. அகலத் தகடாக வருகிற பாஸ்தா அது, சமைக்கத் தெரியாது என்று யாரோ விட்டுப்போனது. என் மனைவி அதை உடைத்து, வேகவைத்து, கடுகு உளுந்து தாளித்து, உப்புமா மாதிரி பண்ணிக் கொடுத்தாள். மருமகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனாள். இப்படி வெறும் கையோடு வீடு திரும்பிய நர்ஸ்கள் இந்த நாடு முழுக்க இருந்தார்கள். ஊரெல்லாம் பேச்சானபிறகுதான் ஆஸ்பத்திரி ஊழியருக்கும் வயதானவர்களுக்கும் பெரிய கடைகள் தனி நேரம் ஒதுக்கின. ஒருவருக்கு ஒரு பொருள் மூன்றுக்கு மேல் கிடையாது, சிலது இரண்டுக்கு மேல் கிடையாது என்று கட்டுப்பாடும் வந்தது. அதை இரண்டு வாரம் முன்னாலேயே செய்திருக்க வேண்டும் அண்ணாச்சி. தட்டுப்பாட்டு வாடை அடித்த உடனே அளவு வைக்க வேண்டும் என்பது நம் ஊர் ரேஷன் கடைப் பையனுக்கே தெரியும்.

எல்லாரும் பதுக்கல்காரனைத்தான் திட்டினார்கள். வண்டி நிறைய டாய்லெட் பேப்பரைத் தள்ளிக்கொண்டு போகிறவன் படம் தினமும் பேப்பரில் வந்தது. அப்படி ஆட்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே கடை விற்பனையைக் கணக்கெடுக்கிற காண்டார் என்ற நிறுவனம் வெளியிட்டதைப் படித்தேன். மலைபோல பாஸ்தா வாங்கிப்போனவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தானாம். மற்றவர்கள் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் கூடுதலாக, கொஞ்சம் அடிக்கடி வாங்கியிருக்கிறார்கள். இன்னொரு நிறுவனத்தின் கணக்குப்படி, மார்ச் 21 வரையிலான நாலு வாரத்தில் மட்டும், போன வருஷத்தைவிட 7.9 கோடி தடவை கூடுதலாக ஜனங்கள் கடைப்படி ஏறியிருக்கிறார்கள். மார்ச் 22 வரையிலான நாலு வார விற்பனை 1080 கோடி பவுண்டு என்கிறது காண்டார். கிறிஸ்துமஸ் விற்பனையையும் தாண்டிவிட்டதாம். பள்ளிக்கூடம் மூடினால் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு வீட்டில்தான். ஆபீஸ் கேன்டீன், ஓட்டல், காபிக் கடை எல்லாம் மூடினால் அந்தச் சாப்பாடும் வீட்டில்தான். ஒரு தாய் இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்கினதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? எனக்கு மனசு வரவில்லை.

அப்படியானால் கோளாறு எங்கே? முதியோர் நேரத்தில் ஒரு நாள் நானும் மனைவியும் காலையில் போய் நின்றோம். ரோட்டில் இரண்டு மீட்டருக்கு ஒரு மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார்கள். கைத்தடியோடும் தள்ளுவண்டியோடும் வரிசை மூலை திரும்பிப் போயிருந்தது. உள்ளே ஒரு இளைஞன் பிளாஸ்டிக் சுற்றிய சரக்கைக் கட்டைப் பலகையோடு தள்ளிக்கொண்டு வந்து, கத்தியால் சுற்றைக் கிழித்து, தட்டில் அடுக்காமல் அப்படியே ஆளுக்கு ஒரு கட்டாக டாய்லெட் பேப்பரைக் கையில் கொடுத்தான். "பின்னாலே குடோனில் இன்னும் இருக்கிறதா?" என்று என் ஓட்டை ஆங்கிலத்தில் கேட்டேன். குடோனே கிடையாது, லாரியில் வந்ததுதான் இது என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் கடையைவிட ஐம்பது மடங்கு பெரிய கடை. பின்கட்டில் ஒரு வாரச் சரக்கு இல்லை! நேற்று என்ன விற்றதோ அதைக் கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து, அந்த அளவு மட்டும் நாளைக்கு லாரியில் அனுப்புமாம். சரக்கு தேங்கினால் முதல் முடங்கும் என்று இருப்பே வைக்காமல் நடத்தப் பழகிவிட்டார்கள். சாதாரண நாளில் லாபம்தான். எல்லாரும் ஒரே வாரத்தில் இரண்டு பாக்கெட் கூடுதலாக எடுத்தால் தட்டு துடைத்துவிடுகிறது. லாரி ராத்திரியில் சரக்கு இறக்கக்கூடாது என்று இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தி, டிரைவர்கள் ஓட்டும் நேரத்தையும் நீட்டி, போட்டிக் கம்பெனிகள் சரக்கு விவரத்தைத் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம் என்று சட்டத்தையே அரசாங்கம் விலக்கி வைத்த பிறகுதான் கடைகள் கொஞ்சம் மூச்சு விட்டன.

மாவு விஷயம் இன்னும் விசேஷம். இந்த நாட்டுக்கு வேண்டிய மாவுக் கோதுமையில் பெரும்பகுதி இங்கேயே விளைகிறது. மில்லில் மாவு மலையாகக் கிடக்கிறது. ஆனால் கடையில் ஒரு கிலோ இல்லை. ஏன் தெரியுமா? இங்கே அரைக்கிற மாவில் நூற்றுக்கு நாலு பங்குதான் சின்னப் பையில் கடைக்கு வருகிறது. மற்றதெல்லாம் ரொட்டிக் கம்பெனிக்கும் பேக்கரிக்கும் டேங்கர் லாரியிலும் பெரிய மூட்டையிலும் போகிறது. வீட்டில் அடைந்து கிடக்கிற ஜனங்கள் எல்லாரும் ரொட்டி சுட ஆரம்பித்தார்கள். சின்னப் பையில் அடைக்கிற மெஷின் இருக்கிறதோ கொஞ்சம்தான். மில்காரர்கள் ராப்பகலாக ஓட்டி வாரத்துக்கு 40 லட்சம் பை அடைக்கிறார்கள். அப்படியும் நூறு வீட்டில் பதினைந்து வீட்டுக்குத்தான் வாரம் ஒரு பை எட்டும் என்று அவர்கள் சங்கமே சொல்கிறது. மாவு இருக்கிறது, பை அடைக்கத்தான் வழி இல்லை.

நான் இந்த ஊரில் கண்ட நல்ல காட்சி இந்த மாவை ஒட்டித்தான். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கடை. பொன்னி, கீரிச்சம்பா, சிவப்பரிசி, கருவாடு, மிக்சர், சுவாமி படம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். சூப்பர் மார்க்கெட்டில் மாவு இல்லாத வாரத்தில் அங்கே போனால், மனுஷர் கல்லாவுக்குப் பக்கத்தில் 16 கிலோ மூட்டை ஒன்றைப் பிரித்து, ஈயக் கரண்டியால் அள்ளி, தராசில் வைத்து, ஒன்றரைக் கிலோ ஒன்றரைக் கிலோவாகக் கண்ணாடிப் பையில் கட்டிக்கொண்டிருக்கிறார். மேல்சட்டை, முகக்கவசம், மீசை, எல்லாம் மாவு.

"ஐயா, மாவுக்குப் பஞ்சமில்லை, சின்ன பாக்கெட்டுக்குத்தான் பஞ்சம்," என்றார். "ரெஸ்டோரண்ட் எல்லாம் பூட்டிக் கிடக்கு. அவைக்குக் குடுக்கிற மொத்த யாவாரி மூட்டையை வச்சுக்கொண்டு முழிக்கிறான். நான் போய் எடுத்துக்கொண்டு வந்திட்டன். ஆனா ஆருக்கும் ரெண்டுக்கு மேல தரமாட்டன்."

ஒரு கரண்டியும் தராசும் போதுமாயிருந்தது அண்ணாச்சி. நீங்கள் தினமும் காலையில் செய்கிற வேலை.

அந்த அளவுக் கட்டுப்பாட்டை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்தார்களே, அந்தக் காலத்தில் அவர் பள்ளிக்கூடப் பையன். சோப்பு இல்லை, பேட்டரி இல்லை. மண்ணெண்ணெயை ஜாம் போத்தலில் கொஞ்சமாக ஊற்றி, திரி போட்டுப் படித்தவர். "சங்கக்கடை வரிசையில நிண்டு வளர்ந்தனாங்கள். ஒருத்தர் கூட எடுத்தா வரிசைக் கடைசியில நிக்கிறவன் வெறும் பையோட போவான், அது தெரியும்," என்றார். சங்கக்கடை என்றால் அவர்கள் ஊர்க் கூட்டுறவுக் கடை. பக்கத்து வட்டாரத்தில் வேறொரு கடையில் அதே வாரம் அரிசி மூட்டை விலையை இஷ்டத்துக்கு ஏற்றி விற்றார்கள். எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. இவர் பழைய விலைக்கே கொடுத்தார். எங்கள் வீட்டில் நர்ஸ் இருக்கிறாள் என்று தெரிந்ததும் டியூட்டி முடிகிற நேரம் கேட்டுக்கொண்டு, அவள் பங்கைத் தனியே எடுத்து வைக்கிறார்.

இப்போது பாஸ்தா, அரிசி, டாய்லெட் பேப்பர் எல்லாம் வந்துவிட்டன. மாவு மட்டும் இன்னும் இழுபறி. நம் ஊர்க் காய்கறி இல்லை. அது பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில் வந்து இறங்குவது. விமானம் நின்றதும் முருங்கைக்காய் நின்றுவிட்டது. சித்திரை முதல் நாளுக்கு மாங்காயும் இல்லை, வேப்பம்பூவும் இல்லை. புளியும் வெல்லமும் வைத்து மனைவி ஒரு பச்சடி பண்ணினாள். ஹை ஸ்ட்ரீட்டில் மகாலட்சுமி கோயில் சாத்திக் கிடக்கிறது. இங்கிருந்து தெற்கே எக்ஸெல் என்கிற பெரிய கண்காட்சி மண்டபத்தை ஆஸ்பத்திரியாக்கி இந்த மாதம் 3-ஆம் தேதி திறந்தார்கள். ராத்திரியில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பேரன் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று. கடையில் ஆளுக்கு இத்தனை பால் என்று அளவு வைத்திருந்த அதே நாட்களில், பண்ணைகளில் பாலைக் கீழே கொட்டியிருக்கிறார்கள். காபிக் கடைக்கும் ஓட்டலுக்கும் போகிற பால் அது. கடை மூடினதும் எடுக்க ஆளில்லை. மாடு கறவையை நிறுத்தாது. பால் காத்திருக்காது. கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மழையில் நனைந்த நெல்லைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேனே, அந்த வேதனை இதற்கும் உண்டு. தோட்டத்தில் காய் பறிக்க ஆள் வராமல், போன வியாழக்கிழமை ருமேனியாவிலிருந்து தனி விமானத்தில் கூலியாட்களை ஸ்டான்ஸ்டெட்டில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். ஊரே வீட்டுக்குள் இருக்கும்போது அவர்களை ஏற்றி வந்துதான் இந்த நாட்டுக்காரர்கள் சாப்பிட வேண்டியிருக்கிறது. வியாழக்கிழமைதோறும் ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி ஊழியருக்காக ஜனங்கள் வாசலில் நின்று கை தட்டுகிறார்கள். நானும் தட்டுகிறேன். அந்தக் கட்டைப் பலகையைத் தள்ளி வந்த பையனையும், ருமேனியாக்காரர்களையும் நினைத்துக்கொண்டு கொஞ்சம் கூடுதலாகத் தட்டுகிறேன்.

நீங்கள் மத்தியானம் ஒரு மணிக்கே கடையைச் சாத்த வேண்டியிருக்கிறது என்றீர்கள். காலையில் கூட்டம் நெருக்கும். கயிறு கட்டி ஆட்களை வெளியிலேயே நிறுத்துங்கள். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குக் கொள்முதலுக்கு நீங்களே போகாதீர்கள், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். தம்பியை அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு காரியம். நம் தெருமுனைப் பூக்காரம்மா வீட்டு நினைப்பாகவே இருக்கிறது. கோயில் சாத்தி, கல்யாணம் நின்றிருக்கிறபோது பூ யார் வாங்குவார்கள்? ரேஷன் அரிசி கிடைக்கும். அரசு தருகிற ஆயிரம் ரூபாயும் கிடைத்திருக்கும். பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் வற்றலுக்கு என்ன செய்வாள்? என் பற்று நோட்டில் எழுதி மாதத்துக்கு இரண்டு கிலோ துவரம் பருப்பு, இரண்டு லிட்டர் எண்ணெய், மற்ற சில்லறைச் சாமான், பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் சோப்பும் கொடுத்துவிடுங்கள். அவள் தானாக வந்து கேட்கமாட்டாள். கடைப் பையனிடம் வீட்டுக்கே கொடுத்தனுப்புங்கள், என் பேர் சொல்ல வேண்டாம். விமானம் விட்டதும் வந்து கணக்குத் தீர்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கிடங்குக்காரன்