கொட்டாங்குச்சியில் ஒரு குடித்தனம்

கூண்டு வேறு, கூடு வேறு மக்களே. கூண்டு நம்ம ஆசைக்கு, கூடு பறவையின் தேவைக்கு. இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏற, ஒரு குஞ்சின் கால் போகவேண்டியிருந்தது.

மொட்டை மாடியில் ஓர் ஓரமாகக் கம்பிவலை அடித்து 3 ஜோடி ஜீப்ரா ஃபின்ச் வளர்க்கிறேன். பூர்வீகம் ஆஸ்திரேலியா. சிட்டுக்குருவியை விடச் சின்ன உருவம், ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, பொம்மையை அமுக்கினது மாதிரி நாள் முழுக்க 'பீப் பீப்'. (நம்ம ஊர்ச் சில்லைகளைப் பிடித்து வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது விற்றால் வாங்கிடாதீங்க.)

கூடு கடையிலேயே கிடைக்கும். ஆனால் மாதக் கடைசியில் நம்ம பர்ஸ் நிலைமை தெரியுமே! அதனால் எல்லாம் சொந்தத் தயாரிப்பு.

முதலாவது கொட்டாங்குச்சி. முழுத் தேங்காயின் கண்ணைக் குத்தித் தண்ணீரை வடித்துவிட்டு, பக்கவாட்டில் ஆக்ஸா பிளேடால் 2 அங்குல அகலத்துக்கு ஒரு வாசல். உள்ளே தேங்காயைச் சுத்தமாகச் சுரண்டிக் காயவைக்கணும், கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் எறும்பு வரும். அடியில் ஆணியால் 2 ஓட்டை, இல்லாவிட்டால் சாரல் தண்ணீர் தேங்கும்.

இரண்டாவது மண் கலயம். வாய் முன்பக்கம் பார்க்கிற மாதிரி சாய்த்து வலையில் இறுக்கிக் கட்டினால் முடிந்தது. வெயிலுக்கு இதுதான் ராஜா. பிளாஸ்டிக் டப்பா மட்டும் வேண்டவே வேண்டாம், மதியத்தில் அடுப்பு மாதிரி கொதிக்கும்.

மூன்றாவது அட்டைப்பெட்டி. 5 அங்குலப் பெட்டியில் முன்பக்கத்தின் மேல் பாதியை வெட்டிவிட்டால் போதும். குஞ்சுகள் பறந்ததும் பூச்சி பொட்டோடு தூக்கிப் போட்டுவிடலாம்.

3 ஜோடிக்கு 6 கூடு வைத்தேன், எல்லாம் ஒரே உயரத்தில். ஒன்றை மட்டும் உயரத்தில் வைத்தால் அந்த மாடி வீட்டுக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள்.

இதுவரை எல்லாம் சரி. சொதப்பியது உள்ளே போடுகிற சாமானில்தான். காட்டில் முட்புதருக்குள் பெரும்பாலும் புல்லால் கூடு கட்டுகிற ஜாதி இது. நான் வள்ளல் ஆச்சே, மெத்தை போட்டுத் தருவோம் என்று அம்மாவின் தையல் மெஷினுக்கு அடியில் கிடந்த நூல், பஞ்சு எல்லாவற்றையும் அள்ளிப் போட்டேன். ஆண்கள் போட்டி போட்டுத் தூக்கிக்கொண்டு போயின. எனக்கு ஒரே பெருமை.

ஒரு கலயத்தில் 4 முட்டை பார்த்திருந்தேன். சில நாள் கழித்துப் பார்த்தால் 3 புது முட்டைதான் இருந்தன. தோண்டினால் பழைய நாலும் பஞ்சுக்கு அடியில் ஜில்லென்று கிடந்தன. சாமான் வந்துகொண்டே இருந்தால் இவை கட்டுவதை நிறுத்தாது, முட்டையையும் சேர்த்து மூடிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அந்த மூன்றில் ஒன்று இரண்டு வாரத்தில் பொரிந்தது. பறக்கிற வயசில் கூட்டை விட்டு வெளியே வரவில்லை. எடுத்துப் பார்த்தேன். காலில் சிவப்பு நூல் இறுகிக் கால் கறுத்திருந்தது. கத்தரிக்கோலால் நூலை வெட்டினேன். ஆனால் கால் காய்ந்து விழுந்துவிட்டது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 2014-ல் செய்தியாக வந்தது. கூண்டுச் சுவரின் நிறத்தில் காகிதக் கீற்றும் வேறு நிறக் கீற்றும் வைத்தால், ஆண் ஜீப்ரா ஃபின்ச் பெரும்பாலும் சுவர் நிறத்தையே எடுத்துக் கட்டுகிறதாம். நிறம் பார்த்துப் பொறுக்கத் தெரிந்த பறவைக்கு, நூல் காலை இறுக்கும் என்று தெரியாது. அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது நான்.

இப்போது காய்ந்த புல்லும், விரல் நீளத்துக்கு நறுக்கின தேங்காய் நாரும் மட்டும்தான். முதல் முட்டையைப் பார்த்த அன்றே மிச்சத்தை எடுத்துவிடுவேன். அப்பா ஃபின்ச் வலையைப் பிடித்துக்கொண்டு 'பீப் பீப்' என்று என்னைத் திட்டும். அள்ளிக் கொடுப்பது ரொம்ப சுலபம். போதும் என்று நிறுத்துவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஒற்றைக்காலன் நன்றாகப் பறக்கிறான். குச்சியில் உட்காரும்போது மட்டும் ஒரு ஆட்டம் ஆடி நிற்பான். நான் கூடு கட்டித் தருகிற ஒவ்வொரு தடவையும் எதிரே வந்து உட்காருகிறான். சரியாகச் செய்கிறேனா என்று பார்க்கிறானோ என்னவோ!

சரி, தீனி வைக்கிற நேரமாச்சு. வர்ட்டா?