இரண்டு முறை காலியான கிராமம்... இன்று உலகப் பாரம்பர்யச் சின்னம்! - செக் நாட்டின் ஹோலஷோவிட்சே கதை

நடுவில் நீளமான பச்சைப் புல்வெளி, ஒரு சிறு குளம், சின்னதாக ஒரு தேவாலயம். சுற்றிலும் ஒன்றையொன்று ஒட்டினாற்போல வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு வீடுகள். கேக் மீது க்ரீம் வைத்ததுபோல வளைவு வளைவாக அவற்றின் முகப்புகள்.

செக் குடியரசின் தெற்கே, பொஹீமியா பகுதியில் இருக்கும் ஹோலஷோவிட்சே கிராமம்தான் இது. பீருக்குப் பெயர்போன செஸ்கே புதெயோவிட்சே நகரிலிருந்து மேற்கே சுமார் 15 கி.மீ. தூரம். ஊரின் மக்கள்தொகை 150-ஐக்கூடத் தாண்டாது!

இந்த ஊரின் பெயர் ஆவணங்களில் முதன்முதலாக வருவது 1263-ல். 1292-ல் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் இதை ஒரு கிறிஸ்தவ மடத்துக்குக் கொடுத்தார். அதன்பின் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் மடத்தின் சொத்தாகவே இருந்தது.

மிஞ்சியது இருவர் மட்டுமே!

1520-க்கும் 1525-க்கும் இடையே கொள்ளைநோயான பிளேக் ஊருக்குள் புகுந்தது. உயிர் பிழைத்தவர்கள் இரண்டே பேர் என்கிறார்கள். இறந்தவர்களின் நினைவாக எழுப்பப்பட்ட தூண் இன்றும் நிற்கிறது.

வெறிச்சோடிய ஊரில் பவேரியா, ஆஸ்திரியா பகுதிகளிலிருந்து ஆட்களை அழைத்துவந்து குடியமர்த்தியது மடம். அக்கம்பக்கமெல்லாம் செக் மொழி பேச, இந்த ஊர் மட்டும் ஜெர்மன் பேசியது.

இன்று நாம் ரசிக்கும் வீடுகள் பெரும்பாலும் 18, 19-ம் நூற்றாண்டுகளில் எழுந்தவை. அரண்மனைகளில் பார்த்த பரோக் பாணி அலங்காரத்தை, விவசாயிகள் தங்கள் வீட்டு முகப்பிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். பல வீடுகளின் நெற்றியில் கட்டிய ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

மீண்டும் ஒரு வெறுமை

இரண்டாம் உலகப்போரில் செக் மண்ணை ஆக்கிரமித்திருந்தது ஹிட்லரின் ஜெர்மனி. போர் முடிந்ததும், செக்கோஸ்லோவாக்கியாவில் வாழ்ந்த சுமார் 30 லட்சம் ஜெர்மன் மொழியினர் வெளியேற்றப்பட்டார்கள். ஹோலஷோவிட்சேவாசிகளும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

அதன்பின் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன, பாழடைந்தன. ஆனால், ஆளில்லாத அந்த வருடங்கள்தான் ஊரைக் காப்பாற்றின! பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட அங்கே யாரும் இல்லை. அதனால் இடைக்காலத்தில் போட்ட தெருவும் மனைகளும் அப்படியே தங்கிவிட்டன.

1990-க்குப் பிறகு வீடுகள் பழுதுபார்க்கப்பட்டன. மக்கள் குடிவந்தார்கள். 1998-ல் யுனெஸ்கோ இந்தக் கிராமத்தை உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது.

போகிறவர்கள் கவனத்துக்கு...

இது காட்சிக்கு வைத்த ஊர் அல்ல. ஜன்னலுக்குப் பின்னால் குடும்பங்கள் வாழ்கின்றன. உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்காக, ஒரு பண்ணை வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. ஜூலை மாதத்தில் போனால் கைவினைச் சந்தையுடன் நடக்கும் கிராமத் திருவிழாவையும் பார்க்கலாம்.

புல்வெளியைச் சுற்றி நடக்க அரை மணி நேரம் போதும். ஆனால், வீட்டு நெற்றியில் உள்ள ஆண்டைப் படிக்கும்போது ஒரு கணம் நின்றுவிடுங்கள். அதை ஆசையாகப் பொறித்தவரின் பேரப்பிள்ளைகள் இப்போது அந்த ஊரில் இல்லை.