சக்‌ஷன் கப்: டைல்ஸ் வேலைக் குறிப்புகள்

திங்கள்

நாலடிக்கு இரண்டடி விட்ரிஃபைட் டைல் ஒன்று, 9 மில்லிமீட்டர் கனத்தில், ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். எடையைவிடப் பெரிய சிக்கல் விளிம்பில் இருக்கிறது. பசை பரப்பிய தரையில் டைலை இறக்கும்போது விரல் நுழைய இடமில்லை. பக்கத்து டைலுக்கும் அதற்கும் நடுவே ஸ்பேசர் அளவே இடைவெளி. இந்த இடத்துக்குத்தான் சக்‌ஷன் கப் வேண்டும்.

கப்பின் நெம்புகோலை மடக்கினால் அதன் ரப்பர் வட்டின் நடுப்பகுதி மேலெழும். வட்டின் அடியில் காற்றழுத்தம் குறையும். டைலைக் கப்போடு சேர்த்து அழுத்துவது வெளிக்காற்று. அது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ எடையளவு அழுத்துகிறது. 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டின் பரப்பு 113 சதுர சென்டிமீட்டர். முழு வெற்றிடம் கிடைத்தால் 113 கிலோ தாங்கலாம். நெம்புகோல் கப்பில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். ரப்பரின் ஓரத்தில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் காற்று புகுந்து பிடி தளரும்.

செவ்வாய்

கப் வாங்குமுன் பார்க்க வேண்டியது டைலின் முகம். கப்பின் அட்டையில் அச்சிட்ட கிலோக் கணக்கு வழுவழுப்பான, காய்ந்த, சமமான பரப்புக்கு உரியது. பளபளப்பான டைலுக்கு நெம்புகோல் கப் போதும். மேட் ஃபினிஷிலும் மரவரி டைலிலும் மேடுபள்ளங்களின் வழியே காற்று மெல்லப் புகும். அவற்றுக்குப் பம்ப் வைத்த கப் ஏற்றது. அதன் தண்டில் சிவப்புக் கோடு தெரிந்தால் வெற்றிடம் குறைகிறது என்று பொருள். உடனே மறுபடி பம்ப் செய்ய வேண்டும். விலை கூடுதல்தான். ஆனாலும் சொரசொரப்பான டைலுக்கு அந்தக் கோடில்லாத கப்பை நம்பக் கூடாது, ஏனென்றால் பிடி தளர்வதை அதில் கண்ணால் காண வழியில்லை. நுண்துளைகள் நிறைந்த கல்லில் காற்று கல்லின் ஊடாகவே வந்துவிடும்.

புதன்

படுக்கையாகத் தூக்குவதும் நிறுத்திச் சுமப்பதும் ஒன்றல்ல. நிறுத்திய டைலில் எடை வட்டின் பரப்பை ஒட்டிக் கீழ்நோக்கி இழுக்கும். அங்கே தாங்குவது ரப்பரின் உராய்வு. ஈரத் துணியால் துடைத்தால் காற்று கசிவது குறையும், ஆனால் அதே ஈரம் நிறுத்திய டைலில் வழுக்கும். நிறுத்திச் சுமக்கும்போது துடைத்துக் காயவைத்த முகம் வேண்டும். அடிவிளிம்பில் ஒரு கை எப்போதும் இருக்க வேண்டும். மாடிப்படியில் கப்பை மட்டும் பிடித்து ஏறவே கூடாது. கழன்று விழுவது கீழே நிற்பவர் காலில்.

வெள்ளி

பதித்த டைல் தாழ்ந்துவிட்டால், பசை இறுகுமுன் கப்பை ஓர் ஓரத்தின் பக்கமாக வைத்து அந்த விளிம்பை முதலில் கிளப்ப வேண்டும். நடுவில் வைத்து நேராக இழுத்தால் அடியிலுள்ள ஈரப்பசை முழுப் பரப்பிலும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். விளிம்பு எழுந்து காற்று உள்ளே போனதும் டைல் எளிதாக வரும். விரிசல் விட்ட டைலில் கப் வைக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் ரப்பரில் ஒட்டிய பசையை ஈரத் துணியால் துடைத்து, நெம்புகோலைத் தளர்த்தி, வெயில் படாமல் வைக்க வேண்டும். ஓரம் வெடித்த ரப்பரை மாற்றிவிட வேண்டும்.