நாலு வரிச் சமாசாரம்

பத்திரிகைக் காரியாலயத்துக்கு வருகிற கடிதங்கள் பெரும்பாலும் மூன்று ரகம். "கதை அனுப்பி ஆறு மாதம் ஆயிற்று, என்ன ஆயிற்று?" என்று கேட்பது ஒரு ரகம். "தொடர்கதையின் கதாநாயகியைத் தயவு செய்து சாகடித்து விடாதீர்கள்" என்று மன்றாடுவது இரண்டாவது. "சென்ற இதழில் வந்த குறிப்பின்படி அல்வா கிளறினேன். வாணலியை விட்டு அது இன்னும் வரவில்லை" என்று குற்றம் சாட்டுவது மூன்றாவது.

2025-ஆம் வருஷம் மழைக் காலத்தில் எனக்கு வந்த ஒரு கடிதம் இந்த மூன்றிலும் சேரவில்லை.

"ஐயா, உங்கள் பத்திரிகையில் வந்த நாலு வரியை நான்தான் என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அதனால் இப்போது எங்கள் வீட்டில் மாடு இல்லை. இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்."

அவ்வளவுதான். வசவு இல்லை, நஷ்டஈடு கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பெண்ணின் குண்டு குண்டான கையெழுத்து. கீழே விலாசம்: காரவள்ளி, நாமக்கல் மாவட்டம்.

பழைய இதழ்களைப் புரட்டினேன். எழுதியவன் வேறு யாராகவாவது இருக்கக் கூடாதா என்று மனசு ஆசைப்பட்டது. இல்லை, என் கைச்சரக்கேதான். ஒரு பக்கத்தின் அடியில் இரண்டு அங்குல இடம் காலியாக இருந்தது. அச்சுக்குப் போக அரை மணிதான் பாக்கி. கைக்கு அகப்பட்ட சர்க்கார் அறிக்கை ஒன்றைச் சுருக்கி எழுதிக் கொடுத்திருந்தேன்.

"மாடு வளர்ப்போருக்கு நல்ல செய்தி! ஈடு எதுவும் இல்லாமல் 2 லட்சம் ரூபாய் வரை கடன் கிடைக்கும். தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான். பக்கத்திலுள்ள பாங்கியை அணுகவும்."

ஒரு வார்த்தை பொய் உண்டா, சொல்லுங்கள். இல்லை. ஆனாலும் வயிற்றைப் பிசைந்தது. கடிதத்தை ஆசிரியரிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதில் எழுத வேண்டாம். நீரே போய்ப் பார்த்துவிட்டு வாரும்" என்றார்.

முட்டைக்கும் லாரிக்கும் பேர் போன நாமக்கல்லில் பஸ் மாறி, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி என்று போனால் காரவள்ளி. கொல்லிமலையின் பாதத்தில் இருக்கிற ஊர். இங்கிருந்துதான் புகழ் பெற்ற எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஆரம்பமாகின்றன. ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் போகிறவர்கள் இந்த ஊரைக் காரின் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். இறங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் முன்பு ஒரு முறை மனைவி மக்களோடு அப்படித்தான் கடந்து போனவன். "வளைவை எண்ணிக்கொண்டே வா" என்று குழந்தையிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. கீழே ஊர் ஒன்று இருந்தது ஞாபகம் இல்லை.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஓட்டு வீடு. பக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகை. தரை கூட்டித் துப்புரவாக இருந்தது. முளைக்குச்சியில் கயிறு சுற்றி வைத்திருந்தது. மாடுதான் இல்லை.

ஐம்பது வயது மதிக்கத் தக்க அந்த அம்மாள் திடுக்கிட்டுப் போனாள்.

"வாங்க தம்பி, உக்காருங்க. பாப்பா லெட்டர் போட்டது எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். இதுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

பாப்பா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறவள். கண்ணில் பயமும் இருந்தது. "வந்தானா பார்" என்ற திருப்தியும் இருந்தது.

நடந்தது இதுதான். அந்த அம்மாள் பிறந்தது மேலே மலையில். வாழ்க்கைப்பட்டது கீழே காரவள்ளியில். கணவர் காலமாகி ஆறு வருஷம். ஒரு கலப்பினப் பசுவை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் பால் ஊற்றிக் குடும்பத்தை ஓட்டினாள். ஏழு ஈற்று ஈன்ற மாடு. கடைசி ஈற்றுக்குப் பிறகு சினை நிற்கவில்லை. பாலும் வற்றிக்கொண்டே வந்தது. வேளைக்கு ஒரு லிட்டர்தான். 'என்ன செய்வது?' என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் பாப்பா என்னுடைய நாலு வரியைப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"இரண்டு லட்சம்னு போட்டிருந்துச்சுங்க. எனக்கு எதுக்கு இரண்டு லட்சம்? ஐம்பதாயிரம் போதும், நல்ல கறவையா ஒண்ணு வாங்கிக்கலாம்னு நினைச்சேன். தரகர் ஒரு மாடு காட்டினாரு. அச்சாரம் கொடுக்கணும்னாரு. கையிலே ஏதுங்க காசு? கிழட்டு மாட்டை வித்துட்டேன். பதினாலாயிரத்துக்குப் போச்சு."

"யார் வாங்கினார்கள்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வத்திப்போன மாட்டை வேற யாரு தம்பி வாங்குவாங்க? அடிமாட்டு லாரிக்காரங்கதான்."

சற்று நேரம் யாரும் பேசவில்லை.

பத்தாயிரம் அச்சாரம் கொடுத்துவிட்டுப் பாங்கிக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்த உத்தியோகஸ்தர் நல்ல மனிதர். உட்கார வைத்து விவரம் சொன்னாராம். "இந்தக் கடன் மாடு வாங்குவதற்கு இல்லை அம்மா. இருக்கிற மாட்டைப் பராமரிப்பதற்கு. தீவனம், மருந்து, மற்றச் செலவு இதற்கெல்லாம். உங்களிடம் எத்தனை மாடு இருக்கிறது?"

"ஒண்ணு இருந்துச்சுங்க. இந்தக் கடன் வாங்கறதுக்காகத்தான் அதை வித்துட்டு வந்திருக்கேன்."

மாடு இருந்தால்தான் கடன். கடனை நம்பி மாட்டை விற்றாயிற்று. இதை அந்த அம்மாள் லேசாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் தலை நிமிர முடியவில்லை. தரகர் அச்சாரத்தில் பாதியைத்தான் திருப்பிக் கொடுத்தாராம்.

விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை 1998-ஆம் வருஷம் வந்தது. 2018-19-இல்தான் அதை ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கும் மீன் பிடிப்பவர்களுக்கும் விஸ்தரித்தார்கள். நடைமுறைச் செலவுக்கான கடன் அது. ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று மாவட்டத்தில் ஒரு குழு கணக்குப் போட்டு வைத்திருக்கும். ஒற்றை மாடு வைத்திருப்பவருக்கு 2 லட்சம் ஒரு நாளும் வராது. அது உச்ச வரம்பு. வட்டி 7 சதவீதம். ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் சர்க்கார் தள்ளிக் கொடுக்கும். இவ்வளவும் நான் சுருக்கிய அந்த அறிக்கையிலேயே இருந்தது. இரண்டு அங்குலத்துக்குள் அடங்கவில்லை என்று விட்டுவிட்டேன். உச்ச வரம்பைப் போட்டேன். எதற்காகக் கடன் என்பதைப் போடவில்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு, எதிர்வீட்டுப் பெரியவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "லோன் மாடு சமாசாரமா?" என்று உற்சாகமாக ஆரம்பித்தார். அவருக்கு 1980-களின் கதை தெரியும். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று 1980 அக்டோபர் 2-ஆம் தேதி முதல் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. ஏழைகளுக்குக் கறவை மாடு வாங்கப் பாங்கிக் கடன். அதில் ஒரு பங்கு மான்யம். பழங்குடியினருக்கு மான்யம் பாதிக்குப் பாதி. நோக்கம் நல்ல நோக்கந்தான். ஆனால் மாடு கொடுத்தவர்கள் தீவனத்தைப் பற்றி யோசிக்கவில்லை. பாலை எங்கே ஊற்றுவது என்றும் யோசிக்கவில்லை. பல இடங்களில் காகிதத்தில் மட்டும் மாடு கை மாறியது என்ற புகாரும் உண்டு. 1999-இல் அந்தத் திட்டத்தை மாற்றிவிட்டார்கள்.

"அப்போ மாடு கொடுத்தாங்க, தீனிக்கு வழி இல்லே. இப்போ தீனிக்குக் கொடுக்கறாங்க, மாட்டுக்கு வழி இல்லே" என்றார் பெரியவர். பிறகு, தம் மாடு செத்த கதையையும் சொன்னார். இன்ஷூரன்ஸ் செய்திருந்த மாடு. காதிலிருந்த மஞ்சள் வில்லை மேய்ச்சலில் முள்ளில் மாட்டி எங்கோ விழுந்துவிட்டது. 'விழுந்தால் என்ன, மாடு இருக்கிறதே' என்று இருந்துவிட்டார். மாடு செத்த பிறகுதான் தெரிந்தது, வில்லை இல்லையென்றால் பணமும் இல்லை என்று.

"இதையெல்லாம் உங்க பத்திரிகையிலே எழுத மாட்டீங்களா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பாப்பாவின் குரல் வந்தது.

1960-களில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 என்ற புது நெல்லைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, தஞ்சாவூர் மிராசுதார்கள் முதல் குத்தகைக்காரர்கள் வரை அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் நாலு வரி சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்தப் பெயர் வந்திருக்குமா? சமாசாரம் முழுசாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு ஜில்லாவே பிழைக்கும். அரைகுறையாகப் போனால் ஒரு வீட்டுக் கொட்டகை காலியாகும்.

வெளி தேசங்களிலும் இதே சங்கடந்தான். அமெரிக்காவில் இறைச்சிக்காக மாடு வளர்க்கிறவர்களில் பெரிய பெரிய பண்ணைக்காரர்களும் உண்டு. புயல், கடும் குளிர், வெயில் என்று இயற்கையின் கோபத்தால் வழக்கத்துக்கு மேல் மாடு செத்தால், சந்தை மதிப்பில் 75 சதவீதம் சர்க்கார் கொடுக்கிறது. ஆனால் அவர்களும் செத்த மாட்டுக்கு அத்தாட்சி காட்டியாக வேண்டும். ஆயிரம் மாட்டுக்காரருக்குக் கணக்கு எழுத ஆள் இருக்கும். ஒற்றை மாட்டுக்காரிக்குப் பதினொன்றாம் வகுப்புப் பெண்தான் கணக்கப்பிள்ளை. அந்தக் கணக்கப்பிள்ளை நம்பியது என்னை.

புறப்படும்போது சட்டைப் பையில் கை வைத்தேன். அந்த அம்மாள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

"அதெல்லாம் வேண்டாம் தம்பி. நீங்க எழுதினது பொய் இல்லீங்க, பாதிதான் எழுதினீங்க. மீதியையும் எழுதிடுங்க, போதும். என்னை மாதிரி இன்னொருத்தி மாட்டை ஓட்டிட்டுப் போகக் கூடாதில்லே?"

ஆகவே, இதோ அந்த மீதி.

மாடு வாங்கக் கடன் வேண்டுமானால், பாங்கியில் தவணைக் கடன் என்று தனியாகக் கேட்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் குழுவின் மூலமாகவும் பெறலாம். ஆதி திராவிடரும் பழங்குடியினரும் தாட்கோவில் விசாரித்தால், கடனோடு மான்யம் உண்டா என்று சொல்வார்கள். எங்கே போனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு கிடைக்கும்?" என்பதல்ல, "எதற்குக் கிடைக்கும்?" என்பது. பாங்கி எழுத்தில் சரி சொல்லும் வரை அச்சாரம் கொடுக்காதீர்கள். இருக்கிற மாட்டையும் விற்காதீர்கள்.

இன்ஷூரன்ஸ் செய்யுங்கள். தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் 2024-இல் மாற்றிய விதிப்படி பிரீமியத்தில் 15 சதவீதம் கட்டினால் போதும்; மீதியை மத்திய, மாநில சர்க்கார்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. காதுவில்லையின் பன்னிரண்டு இலக்க நம்பரைச் சுவரிலாவது எழுதி வையுங்கள். வில்லை விழுந்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் சொல்லி வேறு போட்டு, இன்ஷூரன்ஸ்காரர்களுக்கும் தெரிவியுங்கள். மாடு இறந்தால் புதைக்கும் முன் டாக்டரின் அத்தாட்சி வேண்டும். கோமாரித் தடுப்பூசிக்குக் காசு கிடையாது. 2019-இல் ஆரம்பித்த தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடுகிறார்கள். அவசரத்துக்கு 1962 என்ற நம்பருக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

பட்டணத்தில் இருக்கிற நமக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரோ, வீட்டு வேலைக்கு வருகிற அம்மாளின் ஊரில் இருக்கிற தாயாரோ இதைப் படிக்க முடியாதவராக இருக்கலாம். நீங்கள் படித்துக் காட்டலாம். காட்டும்போது முழுசையும் காட்டுங்கள்.

தை மாதம் மறுபடி ஒரு கடிதம் வந்தது. அதே குண்டு எழுத்து.

"ஐயா, குழுவில் கடன் கிடைத்தது. சினைக் கிடேரி ஒன்று வாங்கியிருக்கிறோம். காதில் வில்லை போட்டாயிற்று. நம்பரை என் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய மாட்டைப் பற்றி அம்மா எதுவும் பேசுவதில்லை. ஆனால் அந்தக் கயிற்றைப் புது மாட்டுக்குப் போடவில்லை."

அந்தக் கடிதம் என் மேஜைக் கண்ணாடியின் அடியில் இருக்கிறது. பக்கத்தின் அடியில் இரண்டு அங்குல இடம் காலி என்று யாராவது ஓடி வந்தால், முதலில் அதை ஒரு தடவை படித்துக்கொள்கிறேன்.