ஏழாவது கம்பி

எங்க ஊர் ஆலங்குளம். ஊருக்கு அடையாளம் சிமெண்ட் ஃபேக்டரி. எங்க வீட்டுக்கு அடையாளம் என் கிடார். அதில் ஏழு கம்பி!

''ஊர்ல எல்லாருக்கும் ஆறு போதும். உனக்கு மட்டும் எதுக்குடா ஏழு?'' என்றாள் அம்மா. 1990-ல் ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் கம்பெனி ஏழு கம்பி கிடாரை இறக்கியதையும், 1994-ல் கோர்ன் கோஷ்டி அதை வைத்தே இடி இடித்ததையும் விளக்கினேன்.

''அந்தப் பசங்களுக்கும் வேலைவெட்டி இல்லையா?''

ஏழாவது கம்பியின் வழக்கமான சுருதி 'பி'. சுமார் 62 ஹெர்ட்ஸ். ஹெவி மெட்டல் ஆசையில் அதை 'ஏ' வரைக்கும், அதாவது 55-க்கு இறக்கினேன். கம்பி துணிக்கொடி மாதிரி தொங்கி, 'கடகட'வென்றது.

அப்பா வந்தார். முப்பது வருஷம் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் மெஷின் இரைச்சலோடு நின்றவர். கீச்சுச் சத்தம் எதுவும் இப்போது அவர் காதில் விழாது, பேத்தியின் மழலைகூட. கம்பியை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

''தொய்வா இருக்கு தம்பி. இறக்கணும்னா கனமாப் போடணும்.''

நூலோடு பழகிய விரலாச்சே! ஆயிரத்தில் 56 அங்குலக் கம்பியைக் கழற்றிவிட்டு, 64 மாட்டினேன். நட்டின் பள்ளத்தை லேசாக ராவினேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி சேரும்வரை பிரிட்ஜில் கம்பியின் தாங்கியைப் பின்னுக்குத் தள்ளினேன்.

மீட்டினேன். வீடே உறுமியது. அப்பா கிடார் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

''இது கேக்குதுப்பா...''

இத்தனை வருஷமாக அவரிடம் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருக்கிறேன். குரலைக் கொஞ்சம் இறக்கியிருந்தாலே போதுமோ?