பெட்டி மேல் ஒட்டிய படம்

லட்சுமி வெடியின் லேபிளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சணலை இறுக்கிச் சுற்றிய சின்ன வெடி; அதன் மேல் ஒட்டிய துண்டுத் தாளில் தாமரையோடு லட்சுமி. சேலையின் சிவப்பு, கரையைத் தாண்டி ஒரு நூல் அளவு வெளியே நிற்கும். உதட்டுச் சிவப்பு உதட்டில் உட்காராமல் கன்னத்துப் பக்கம் நகர்ந்திருக்கும். லித்தோ அச்சில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். தாள் மயிரிழை விலகினாலும் படம் அப்படித்தான் விழும். எனக்கு அந்த விலகல் பிடிக்கும். மனுஷக் கை பட்டது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எங்கள் வீட்டில் அம்மா நகத்தால் சுரண்டி லேபிளை எடுத்த பிறகுதான் வெடிக்குத் தீ வைக்க விடுவாள். சாமி முகம் சிதறிக் காலில் மிதிபடக் கூடாது. அப்படிச் சேர்ந்த லட்சுமிகள் எங்கள் நோட்டுகளுக்குள் கார்த்திகை தாண்டியும் பத்திரமாக இருந்தன. சாமி படத்தை வெடியில் போடாதீர்கள் என்று பிற்பாடு பலரும் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதும் எங்கள் அம்மா சொன்னதும் ஒன்றுதான், மறுக்க முடியாது. படம் பல வெடிகளிலிருந்து போனது, பேர் மட்டும் தங்கிவிட்டது. நான் தேடுவது அந்தப் படத்தை.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பிய கதை சிவகாசியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். பிறகு பட்டாசு வந்தது, காலண்டர் வந்தது. பக்கத்துக் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமிப் படங்கள் சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராக வீட்டுச் சுவருக்குப் போயின. அந்த ஓவியர்களுக்காவது படத்தின் கீழே கையெழுத்து இருந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வரைந்தவர்களுக்கு அதுவும் இல்லை. அணிலும் மயிலும் சேவலும் யார் கையிலிருந்து முதலில் இறங்கினவோ! எழுத்துக் கூட்டத் தெரியாத தாத்தாகூட கடையில் நின்று “மயில் மார்க் இருந்தாக் குடுங்க” என்று கேட்டு வாங்கினார். கம்பெனியின் பேர் அவருக்கு எதற்கு? படமே பேர்.

தீப்பெட்டி இன்னும் நெருக்கம். ஏழை வீட்டு அடுப்படிக்குள் வந்த ஆக மலிவான வண்ணப் படம் அது. 2021 டிசம்பர் 1-ஆம் தேதி 2 ரூபாய் ஆகும்வரை அது 1 ரூபாய்க்கே கிடைத்துக்கொண்டிருந்தது. குச்சி தீர்ந்ததும் மேல்பெட்டியின் படத்தைக் கத்தரித்துச் சேர்ப்போம். அதை வைத்துத் தெருவில் விளையாட்டு. வட்டம் போட்டு உள்ளே படங்களை அடுக்கி, கல்லால் அடித்து வெளியே தள்ளுகிறவனுக்கு அவை சொந்தம். எளிதில் கிடைக்காத படத்துக்கு மதிப்பு அதிகம். சிறுத்தையோடு மல்லுக்கு நிற்கும் ஆளின் படம் கையில் இருந்தவன் அன்றைக்கு ராஜா.

எல்லாப் படமும் நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். கம்பி மத்தாப்புப் பெட்டியில் பொன்னிற முடியோடு சிரித்த வெளிநாட்டுக் குழந்தைகளை எனக்கு அப்போதே பிடிக்காது. எங்கள் தெருவில் மத்தாப்புப் பிடித்த பிள்ளைகளில் ஒருத்திக்கும் அந்த முகம் இல்லை. அணுகுண்டுப் பெட்டியில் வானம் முட்ட எழும் காளான் புகையோ வேறு ஜாதி. உள்ளே இருப்பது பச்சை நூல் சுற்றிய ஒரு சின்ன உருண்டை. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டுத் திரி கிள்ளும்போது கை நடுங்கியது உண்மை. 1970களின் கடைசியில் அமெரிக்காவில் அடாரி வீடியோ கேம் பெட்டிகளுக்கு கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்கள் போர்க்களத்தையும் பந்தயக் காரையும் தத்ரூபமாகத் தீட்டினார்கள்; டிவி திரையில் ஓடியது சில கட்டங்களும் கோடுகளும்தான். மீதியை அந்த ஊர்ப் பிள்ளைகள் பெட்டியைப் பார்த்து மனசுக்குள் நிரப்பிக்கொண்டார்கள். நாங்களும் அதையே செய்தோம். ஒரே ஒரு பெட்டி வாங்க முடிந்த வீட்டில், தீபாவளிக்கு முந்தைய ஒரு வாரம் முழுக்க வெடித்தது அந்தப் படம்தான்.

இத்தனை பெட்டிகளிலும் ஒரு முகத்தை மட்டும் நான் பார்த்ததே இல்லை. திருத்தங்கலிலும் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் திண்ணையில் உட்கார்ந்து பசை தடவிப் பெட்டி ஒட்டிய அக்காக்களின் முகம். ஆலையில் வெள்ளி மருந்து முழங்கைவரை படிந்து, சோப்புப் போட்டும் போகாமல் வீடு திரும்பிய மதினிமார்களின் முகம். பெட்டி மேல் சிரித்த நடிகைக்கும் வெள்ளைக்காரக் குழந்தைக்கும் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் படங்களுக்காக ஏங்கும்போதெல்லாம் இந்தக் குறையும் கூடவே வந்து உறுத்துகிறது.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை. இப்போது பசுமைப் பட்டாசுப் பெட்டியில் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான ‘நீரி’யின் முத்திரையும் கியூஆர் கோடும் இருக்கின்றன. இருக்கட்டும், மூச்சு முட்டாமல் பிள்ளைகள் தீபாவளி கொண்டாட அவை தேவை. என் வருத்தம் மீதி இடத்தைப் பற்றியது. கம்ப்யூட்டரில் எங்கிருந்தோ இறக்கிய கார்ட்டூன், அதே தீப்பொறி, அதே பளபளப்பு எழுத்து. பத்துப் பெட்டியைக் கலைத்துப் போட்டால் எது யாருடையது என்று தெரியாது. நிறம் இம்மிகூட விலகுவதில்லை. என் மனசும் அந்தப் படத்தில் ஒட்டுவதில்லை.

சிவகாசியிலோ சாத்தூரிலோ கோவில்பட்டியிலோ பழைய அச்சகத்துப் பரணில் லேபிள் மாதிரிகள் ஒட்டிய ஆல்பம் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். வரைந்தவர் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருக்கும்போதே, ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அந்தப் பேரை எழுதி வையுங்கள்.