மூட்டை ஏற்றிப் பார்க்கும் மெக்கானிக்

தேனி மாவட்டத்துக் கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் வந்துவிட்டால் சமவெளி முடிந்தது. அதற்கு மேல் குமுளி வரை ஆறேழு கிலோமீட்டர் மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. தேக்கடிப் பக்கமிருந்து மலையைக் குடைந்து வரும் பெரியாற்றுத் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி இங்கேதான் மின்சாரமாகிறது. 2013 ஜனவரியில், பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபம் திறந்த பிறகு வெளியூர்க்காரர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் ஊராகவும் ஆகிவிட்டது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இந்த ஊர் வேறு விதத்தில் பழக்கம். மலை ஏறும்போது மக்கர் பண்ணுகிற வண்டி, நியூட்ரலில் உருண்டு வந்து நிற்கிற இடம் இது.

அப்படி வந்து நிற்கும் வண்டிகளைப் பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரின் தகரக் கொட்டகையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அறுபதை நெருங்கும் மனிதர், எல்லாருக்கும் அண்ணன். சுவரில் பழைய செல்ஃப் மோட்டார்கள், ஆணியில் தொங்கும் ஒயர் சுருள்கள், மூலையில் சார்ஜில் கிடக்கும் பேட்டரி. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள்தான் அவருடைய நிரந்தர வாடிக்கை. ஆனால் அவையெல்லாம் டீசல். டீசல் இன்ஜினுக்குப் பிளக் கிடையாது, தீப்பொறி கிடையாது. டைனமோ, செல்ஃப், ஹாரன், லைட்டு என்று பார்த்து அனுப்பிவிடுவார். அவருக்குப் பிடித்த வேலை பெட்ரோல் வண்டியில்தான் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் வரிசை கட்டும்போது அது நிறையக் கிடைக்கும்.

அன்று நின்றது ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடர். சுருளிப்பட்டிப் பக்கத்துத் திராட்சை விவசாயி ஒருவருடையது. அப்பா காலத்து வண்டி, விற்க மனசில்லை. மலையில் பாதி ஏறியதும் அணைந்துவிடுகிறது. அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. வேறோர் ஊர்ப் பட்டறையில் காயில், கன்டென்சர், பாயிண்ட், நான்கு பிளக் எல்லாம் மாற்றியாகிவிட்டது. மறுபடியும் அதே வளைவு, அதே கதை. பெட்ரோல் ஏர்லாக் ஆகிறது என்று சொல்லி பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றிவிட்டவர்களும் உண்டு.

பானெட்டைத் திறக்கும் முன் அண்ணன் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

"நிக்கும்போது இருமுச்சா, டக்குன்னு நின்னுச்சா தம்பி?"

"டக்குன்னுதேன் அண்ணே. சாவியத் திருகி ஆப் பண்ணுன மாதிரி."

"அப்ப துணியை எடுத்துரு."

பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி உடனே சாகாது. இழுவை குறையும், குலுங்கும், இருமும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இரண்டு அடி இழுத்துப் பார்க்கும். கரன்ட் போனால் அதற்கெல்லாம் அவகாசம் இல்லை. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வண்டியை அவர் ஒதுக்கிவிட்டார்.

மீதிப் பாதி என்பது சின்னப் பாதைதான். பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச், அங்கிருந்து காயில், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட், பாயிண்ட் மூடியிருக்கும்போது அதன் வழியே எர்த். பாயிண்ட் மூடும்போது காயிலில் கரன்ட் ஓடிக் காந்தப்புலம் சேரும். திறந்த கணத்தில் அந்தப் புலம் சரிந்து, காயிலின் மெல்லிய கம்பிச்சுற்றில் இருபதாயிரம் வோல்ட்டை ஒட்டி மின்னழுத்தம் எழும்பும். அது ரோட்டர் வழியாக எந்த சிலிண்டரின் முறையோ அந்தப் பிளக்குக்குப் போய்ப் பொறியாக வெடிக்கும். காடிலாக் கார்களுக்காக சார்லஸ் கெட்டரிங் அமைத்துக் கொடுத்த ஏற்பாடு இது. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகமே இதை வைத்துத்தான் ஓடியது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றினால் நொடிக்கு நூறு பொறி வேண்டும். மலையில் இரண்டாம் கியரில் திணறும் வண்டிக்குப் பொறி கொஞ்சம் பலவீனமானாலும் போச்சு.

அண்ணன் மீட்டரை எடுத்தார். சாவி ஆன், காயிலின் முனையில் 12.4 வோல்ட். உடைமைக்காரருக்கு முகம் வாடிவிட்டது. "சரியாத்தானே அண்ணே காட்டுது?" போன பட்டறையிலும் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். கரன்ட் வருகிறது, ஆகவே காயில் போச்சு என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

"தலையில வெறும் சும்மாட்ட வச்சா எல்லாரும் நிமிந்துதேன் நடப்பாங்க. மூட்டையை ஏத்திப் பாரு" என்றார் அண்ணன்.

அவர் சொன்னதன் பொருள் இது. பாயிண்ட் திறந்திருக்கும்போது அந்த ஒயரில் கரன்ட்டே ஓடவில்லை. மீட்டர் தனக்கென்று எடுப்பது அற்பம். உள்ளே ஒற்றை இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டும். காயில் கேட்பதோ நான்கு ஆம்பியர் அளவில். அந்தச் சுமை ஏறினால்தான் ஒயரின் யோக்கியதை தெரியும்.

சாவியை ஆஃப் செய்து, முன்னால் ஹேண்டிலைச் செருகி, இன்ஜினை மெல்லத் திருகச் சொன்னார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் இரண்டும் ஒன்றோடொன்று உட்காரும் இடத்தில் "நிப்பாட்டு" என்றார். மறுபடி சாவி ஆன். இப்போது 11.6. குறை சொல்ல முடியாத அளவு. வண்டி ஆறியிருக்கிறதே! சூட்டில் வரும் கோளாறைச் சூட்டில்தான் பிடிக்க முடியும்.

அப்போதுதான் வந்தது இரண்டாவது கேள்வி. பம்பருக்கு மேலே இரண்டு பெரிய விளக்குகள் மாட்டியிருந்ததைக் காட்டி, "ஏறும்போது இத எரிய விட்டிருந்தியா?"

"பனியா இருந்துச்சுண்ணே. போட்டுட்டுத்தேன் போனேன்."

விளக்குகளைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்ததும் விளக்கையும் இன்ஜினையும் அணைத்து, பாயிண்ட்டை மூடவைத்து அளந்தார். காயிலில் எட்டு வோல்ட் சொச்சம். பேட்டரியில் 12.5. நாலு வோல்ட் வழியில் எங்கேயோ தொலைகிறது. இதற்குப் பிறகு அவருக்கு அவசரமே இல்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில் வைத்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினார். சாவி சுவிட்சுக்குள் நுழையும் முனை வரை இழப்பு ஏதுமில்லை என்று சொல்லலாம். வெளியே வரும் முனையில் அந்த நாலு வோல்ட்டும் அகப்பட்டது.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுச் சுவிட்சை வெளியே இழுத்தார். பித்தளை முனை கருத்து நீலம் பாரித்திருந்தது. ஒயரின் பிளாஸ்டிக் உருகி முனையோடு ஒட்டிப்போயிருந்தது. அதே முனையில் காயில் ஒயரோடு இன்னொரு தடித்த ஒயர், வெறுமனே முறுக்கி டேப் சுற்றியது. பம்பர் விளக்குகளுக்குப் போவது. இரண்டு 55 வாட் பல்பு என்றால் ஒன்பது ஆம்பியருக்கு மேல். காயிலும் நாலைந்து கருவி முட்களும் மட்டும் இழுக்க வேண்டிய சுவிட்ச், விளக்கையும் சுமந்து சுமந்து உள்ளே வெந்துவிட்டது. வெந்த இடத்தில் தடை கூடும், தடை கூடினால் இன்னும் வேகும். மலையில் அது உச்சத்துக்குப் போய் தொடர்பே விட்டுப்போகும். நிறுத்தி வைத்தால் ஆறி ஒட்டிக்கொள்ளும்.

மாற்றிய காயிலும் கன்டென்சரும் பாவம் ஒரு குற்றமும் செய்யவில்லை. பொருளை மாற்றிப் பார்ப்பது ரிப்பேர் ஆகாது, அது சூதாட்டம் என்பது என் கட்சி. ஆனால் அந்தப் பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. புதுக் காயிலுக்குப் பணம் கேட்டால் தருகிற நாம், "அரைமணி யோசிச்சேன்" என்று கேட்டால் தருவதில்லை.

எல்லாக் கோளாறும் இப்படிச் சுவிட்சில் இருப்பதில்லை. ஆனி, ஆடிச் சாரலில் குமுளியிலிருந்து நனைந்து இறங்கும் வண்டிகளில் பிளக் ஒயர்தான் முதல் சந்தேகம். ராத்திரியானால் கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு பானெட்டைத் திறக்கச் சொல்வாராம். வெடித்த ஒயரின் மேல் நீலப்பொறி ஊர்ந்து போவது கண்ணாலேயே தெரியும். "அதுக்கு மீட்டரே வேண்டாம், கைய மட்டும் வச்சுராத" என்று சிரித்தார்.

இப்போதைய வண்டிகளில் பாயிண்ட்டும் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. பிளக்குக்கு ஒரு காயில், கிராங்க் சென்சார், கம்ப்யூட்டர். ஸ்கேனரைச் செருகினால் பி0335 என்று வரும். கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்பதுதான் அதற்கு அர்த்தம். சென்சாரா, அதற்குப் போகும் ஒயரா, கனெக்டரில் ஏறிய பாசியா என்று அது சொல்லாது. அங்கே திரும்பவும் அண்ணனின் வேலை தொடங்குகிறது. அவரிடம் தொழில் பழகும் ஐடிஐ முடித்த பையன் ஸ்கேனர் நன்றாகப் பார்க்கிறான். சுமை ஏற்றி அளப்பதை அவர் அவனுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அம்பாசடருக்குப் புதுச் சுவிட்ச் போட்டு, முனைகளுக்குப் புது லக் அழுத்தி, பம்பர் விளக்குகளைத் தனி பியூஸும் ரிலேயும் வைத்து நேராகப் பேட்டரிக்கு மாற்றினார். பனி விலகாத காலையில் விளக்குகளோடு குமுளி போய்வந்த வண்டி வழியில் நிற்கவில்லை.

மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடுதல் விளக்கோ பாட்டுப்பெட்டியோ மாட்டுவதென்றால் சாவி சுவிட்ச் ஒயரில் முறுக்கிவிடாதீர்கள், ரிலே கேளுங்கள். வண்டி நின்றுவிட்டால், இருமி நின்றதா டக்கென்று நின்றதா, டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தது, அப்போது எதையெல்லாம் போட்டிருந்தீர்கள் என்பதை மெக்கானிக்கிடம் முதலில் சொல்லுங்கள். கண்டுபிடித்ததற்கு அவர் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.